கமகோங் என்று சாயம் பூசிய கட்டையை விற்கிறார்கள்: ஆர்னிஸ் பழகுகிறவர்கள் கவனிக்க

பிலிப்பைன்ஸின் கழிச் சண்டைக் கலையை ஆர்னிஸ், எஸ்க்ரிமா என எந்தப் பெயரில் பழகினாலும் சரி, கமகோங் என்ற அந்நாட்டுக் கறுப்பு மரத்தில் செய்த கனத்த கழி வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் பயிற்சிக் குழுவுக்காக ஆன்லைனில் வாங்கிய ஜோடி ஒன்று, "அசல் கமகோங், ஃபுல் காண்டாக்டுக்கு ஏற்றது" என்ற விளம்பரத்தோடு வந்தது. இரண்டுமே பொய். முதல் பொய்யில் காசு போகும், இரண்டாவதில் விரல் எலும்பு போகும்.

கழியின் நீளம் 71 செ.மீ, விட்டம் 2.5 செ.மீ. எடை ஒன்றில் 228 கிராம், இன்னொன்றில் 271. இந்த அளவுக் கழிக்குக் கன அளவு கிட்டத்தட்ட 350 கன செ.மீ வரும். இதே அளவில் சாதாரணப் பிரம்புக் கழியே 170 முதல் 210 கிராம் தூக்கும். கமகோங்கின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை தண்ணீருக்கு நெருக்கமான கனம், நல்ல துண்டு மூழ்கியே போகும். 300 கிராமைக்கூடத் தொடாத கழியை யார் கமகோங் என்றாலும் நம்ப வேண்டாம். வாளித் தண்ணீரில் போட்டபோது, இலேசான கழி மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிய மிதந்தது.

அடுத்தது நிறம். வெள்ளைத் துணியில் தின்னர் தொட்டு, கைப்பிடிப் பக்கத்து முனையில், அதாவது புன்யோவில், அழுத்தித் துடைத்தால் போதும். வார்னிஷ் மட்டும் கரைந்தால் மஞ்சளாகப் பிசுபிசுக்கும். இதில் துணியே கறுத்தது, அடியில் வெளிறிய மரம் எட்டிப் பார்த்தது. அசல் கமகோங் முழுக்க மை பூசியது போல இருக்காது. கறுப்புக்குள் பழுப்பும் செம்மையும் கோடுகளாக ஓடும். நம்மூர்க் கருங்காலியும் அதுவும் ஒரே டயோஸ்பைரஸ் பேரினம்தான். கருங்காலி மாலை மோசடியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தை புதிதாக இருக்காது.

விலையும் ஒரு துப்பு. பிலிப்பைன்ஸில் கமகோங் பாதுகாக்கப்பட்ட மரம். வெட்டவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல், இயற்கை வளத் துறையின் அனுமதி வேண்டும். பிரம்பு விலையில் மொத்தமாக அள்ளித் தருகிறோம் என்றால், எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

மர ரேகையையும் பாருங்கள். முனையிலிருந்து முனை வரை கழியோடு சேர்ந்தே ஓட வேண்டும். எங்களுக்கு வந்த ஒன்றில் நடுப்பகுதியிலேயே ரேகை சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறியது. உடைந்தால் அந்தச் சரிவிலேயே ஈட்டி முனை போலப் பிளக்கும். கழியை இரண்டு விரலில் தொங்கவிட்டு இன்னொரு கழியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

இனி அந்த "ஃபுல் காண்டாக்ட்". அசல் கமகோங்காகவே இருந்தாலும் அதைக் கழிக்குக் கழி மோதக் கூடாது. பிரம்பு அடி வாங்கினால் நசுங்கும், நார் பிரியும், மெல்லத் தேயும். ரெமி ப்ரேசாஸ், தான் உருவாக்கிய மாடர்ன் ஆர்னிஸில் எதிராளியின் கைக்குப் பதிலாகக் கழியை அடிக்கும்படி பயிற்சியை மாற்றியதும் பிரம்பை வைத்துத்தான். கமகோங் அடியை உள்வாங்காது. தாங்கும் வரை தாங்கிவிட்டு ஒரே நொடியில் உடையும், சில்லு கண்ணுக்குப் பறக்கும். பனை வகை மரத்திலிருந்து எடுக்கும் பாஹி வேறு விதம். ஊசி போன்ற நீளச் சிலாம்புகளாகப் பிரிந்து உள்ளங்கையில் ஏறும். விரலில் பட்டால் இரண்டுமே எலும்பை உடைக்கும், கையுறை போட்டிருந்தாலும் நம்ப முடியாது. தெரிந்தே இதை ஸ்பாரிங் கழி என்று விற்பவரை வியாபாரி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கனத்த கழி தனிப் பயிற்சிக்கு. அடிக்கும் பன்னிரண்டு கோணங்களையும் மெதுவாக வீசி, ஒவ்வொன்றையும் இடுப்பாலும் தோளாலும் நிறுத்துங்கள். மணிக்கட்டால் பிரேக் போட்டால் தசைநார் கெடும். மணிக்கட்டைச் சுழற்றி விசிறி போல அடிக்கும் அபானிகோ, சுண்டி அடிக்கும் வித்திக் இரண்டையும் பிரம்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 2 நிமிடமாக 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் கழியைப் பரணில் போடுங்கள். டயரில் அடிப்பதானால் தொங்கவிட்ட டயர்தான். இறுக்கிக் கட்டிய டயர் அடியை அப்படியே கைக்குத் திருப்பும். இரு கையிலும் கழி பிடித்துப் பின்னல் போல வீசும் சினவாலிக்கு ஜோடியின் எடை வித்தியாசம் 20 கிராமுக்குள் இருக்கட்டும்.

கடைக்காரரின் பதில்: "இயற்கை மரம், எடையும் நிறமும் கொஞ்சம் மாறத்தான் செய்யும்." கொஞ்சமாம், 43 கிராம்! முழுப் பணத்தையும் தர மறுத்து, அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள்.

வாங்குவதற்கு முன் தராசில் வைத்த படம், விட்டம் அளந்த படம், அரக்கு பூசாத இரு முனைகளின் படம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். எண்ணெய் போடுவதற்கு முன்பே எடை போட்டுவிடுங்கள். முனையை அறுத்து உள்ளே பார்க்கக் கை துறுதுறுக்கும், ஆனால் அறுத்த கழியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். கடை இந்தியாவில் இருந்து, பேச்சுக்கு மசியவில்லை என்றால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். விளம்பரத்தை மாற்றிவிடுவார்கள், ஸ்கிரீன்ஷாட்டை ஆர்டர் போடும்போதே எடுத்து வையுங்கள்.