சென்னையிலிருந்து நெல்லைக்குப் பறக்க வாகைக்குளமா, மதுரையா?

திருநெல்வேலிக்கென்று தனி விமான நிலையம் கிடையாது. மீனம்பாக்கத்தில் ஏறுகிறவர் இறங்க இரண்டு இடங்கள்: தூத்துக்குடி நிலையமான வாகைக்குளம், இல்லாவிட்டால் மதுரை. வான்வழி நேர்கோட்டில் மதுரை சுமார் 420 கி.மீ., வாகைக்குளம் சுமார் 530 கி.மீ. கிட்டத்தில் இருப்பது மதுரைதானே என்று டிக்கெட் போட்டால் கணக்கு தப்பும்.

வாகைக்குளத்தின் பழைய ஓடுதளம் வெறும் 1,350 மீட்டர். அதனால் ஏடிஆர் 72 மாதிரி புரொப்பெல்லர் விமானங்கள்தான் அங்கே இறங்க முடிந்தது. இப்போது ஓடுதளம் 3,115 மீட்டர். புது முனையமும் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. ஆனாலும் நேரக் கணக்கை ஏடிஆரை வைத்தே போடுங்கள். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் 530 கி.மீ. கடக்க ஒரு மணி நேரம் சொச்சம். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து இன்னொரு 25 நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரம். ஆடிக் காற்று எதிரே அடித்தால் ஐந்து நிமிடம் கூடும்.

மதுரைக்கு ஏர்பஸ் 320 கிடைத்தால் வேகம் 800 கி.மீ.க்கு மேல். ஆனால் ஊர்வதும் ஏறி இறங்குவதும் அதற்கும் உண்டு. ஒரு மணி பத்து நிமிடம் ஆகிவிடும். வானத்தில் மிச்சமாவது இருபது நிமிடம்தான்.

அந்த இருபது நிமிடம் தரையில் கரைந்துவிடும். வாகைக்குளத்திலிருந்து நெல்லை முப்பது கி.மீ. சொச்சம், முக்கால் மணி நேரம். மதுரையில் இறங்கினால் பெருங்குடியிலிருந்து ரிங் ரோடு பிடித்து, கப்பலூரில் நான்குவழிச் சாலை ஏறி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று 150 கி.மீ. ஓட வேண்டும். இரண்டரை மணி நேரம், வழியில் டோல்கேட் வேறு. மீனம்பாக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போவதையும் சேர்த்தால் வாகைக்குளம் வழி மூன்றே முக்கால் மணி நேரம், மதுரை வழி ஐந்து மணி பத்து நிமிடம். எழும்பூர் வந்தே பாரத் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். தாம்பரத்திலும் நிற்கும் என்பதால் தென்சென்னைக்காரர்களுக்கு அது மோசமில்லை.

வாகைக்குளத்தின் பலவீனம் விமான எண்ணிக்கை. நாளுக்குச் சில சேவைகள்தான். மாலை விமானம் ரத்தானால் அன்றைக்கு வேறு வழி இருக்காது. மதுரையில் அடுத்ததைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். அதனால் வெளிநாட்டு இணைப்பு விமானம் இருந்தால் வாகைக்குளத்திலிருந்து கடைசி விமானத்தை நம்பாதீர்கள். இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். சாலையிலும் ஒரு சிக்கல் உண்டு: வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலம் அடிக்கடி பழுதாகும். ஒரு பாலத்திலேயே இருபக்க வண்டியும் போகிற நாட்களில் அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின்வாசல் வழியாக, சரக்கறை முன்னால். சீக்கிரம் இறங்க வேண்டுமென்றால் பின்வரிசை கேளுங்கள். மேல் தட்டு சிறியது, பெரிய ட்ராலி பெட்டி உள்ளே போகாது. வாசலில் டேக் போட்டு வாங்கிவிடுவார்கள். மருந்தையும் லேப்டாப்பையும் முன்பே கைப்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூர், தென்காசி, கோவில்பட்டி போகிறவர்களுக்கும் வாகைக்குளமே லாபம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் மதுரை. நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரத்தையும் விசாரித்துவிட்டு டிக்கெட் போடலாம்.