மூன்றாவது கட்சியை வளைப்பதா, தனியே விடுவதா?

2006இல் தனித்து நின்ற விஜயகாந்தின் தேமுதிக 8.38 சதவீத வாக்கு வாங்கியது. ஜெயித்தது விருத்தாசலம் மட்டும்தான். அந்த வாக்கை அதிமுக அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றத் தேர்தல்களில் இரண்டு விதமாகக் கையாண்டது. இரண்டிலும் ஆட்சி கிடைத்தது.

2011இல் வளைத்துப் போட்டார்கள். விலை, 41 தொகுதிகள். ஜெயித்த இடங்கள்: தேமுதிகவுக்கு 29, அதிமுகவுக்கு 150, திமுகவுக்கு வெறும் 23. சேதாரமும் இருந்தது: எதிர்க்கட்சித் தலைவர் பதவி விஜயகாந்துக்குப் போனது, ஒரு வருடத்துக்குள் உறவும் முறிந்தது.

2016இல் அதிமுக ஆளுங்கட்சி. எதிர்ப்பு வாக்கு எத்தனை துண்டானாலும் அதற்கு லாபம்தான்; 234இலும் இரட்டை இலையை நிறுத்தினார்கள். தேமுதிக தேவைப்பட்டது திமுகவுக்கு. பழம் நழுவிப் பாலில் விழும் என்று கருணாநிதி காத்திருக்க, அது மதிமுக, விசிக, இடதுசாரிகள் சேர்ந்த மக்கள் நலக் கூட்டணிப் பக்கம் விழுந்தது. தேமுதிக 2.4 சதவீதமாகச் சுருங்கியது. இரு பெரிய அணிகளுக்கும் இடையே சுமார் 1 சதவீதம்தான் வித்தியாசம். ராதாபுரம் தொகுதியில் அதிமுக ஜெயித்தது 49 வாக்கில்.

‘விஜயகாந்த் வந்திருந்தால் திமுக ஆட்சி’ என்பவர்கள் கூட்டல் மட்டும் போடுகிறார்கள். ஆள் வந்தால் வாக்கும் அப்படியே கூட வந்துவிடாது. தேமுதிகவிலிருந்து பிரிந்து வந்த சந்திரகுமார் அணிக்குத் திமுக 3 தொகுதி கொடுத்தது. மூன்றிலும் தோல்வி.

ஒரு தொகுதியில் வெற்றி வித்தியாசம் 3,000, மூன்றாமவர் வாக்கு 10,000 என்று வையுங்கள். அவர் நிற்காவிட்டால் 2,000 பேர் வாக்குச்சாவடிக்கே வரமாட்டார்கள் என்றால், மீதி 8,000இல் தோற்றவருக்கு 5,500க்கு மேல் விழவேண்டும். பத்தில் ஏழு பேர்! இது நடக்கக்கூடியதா என்று பார்க்க, தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20இல் சாவடிவாரி வாக்கை எடுத்து, மூன்றாமவர் ஓங்கிய சாவடிகளில் முந்தைய தேர்தலைவிட யார் வாக்கு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிடவேண்டும். பாக எண்கள், அதாவது வாக்காளர் பட்டியலில் சாவடிப் பகுதிகளின் எண்கள், இடையில் மாறியிருக்கும். ஊர், பள்ளிக்கூடப் பெயரை வைத்துப் பொருத்தாவிட்டால் கணக்கே தப்பு.

ஆகவே எதிர்க்கட்சியாக இருப்பவர் விலை கொடுத்தாவது வளைப்பது சரி, அந்த வாக்காளரின் முதல் கோபம் ஆளுங்கட்சிமேல் என்றால். ஆளுங்கட்சிக்குச் சும்மா இருப்பதே மலிவு. நாம் தமிழர் மாதிரி 2021இல் 6.6, 2024இல் 8.2 சதவீதம் வாங்கியும் தனியாகவே நிற்கும் கட்சியிடம் தொகுதிப் பேரம் செல்லாது. அங்கே தலைமையை விட்டுவிட்டு வாக்காளரிடம் நேரே போகவேண்டியதுதான்.