திடலா, உள்ளரங்கமா: ராக் கச்சேரி எங்கே தெளிவாகக் கேட்கும்?

ஒரே குழு, ஒரே பாட்டு வரிசை, அதே டிரம்மர். எட்டு மாத இடைவெளியில் இரண்டு இடங்களில் கேட்டேன். முதல் இடம் புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கு. மேலே தகரக் கூரை, மூன்று பக்கமும் சிமெண்ட் கேலரி. இரண்டாவது, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு திறந்த திடல். அரங்கில் பாடகர் வாயசைத்தது தெரிந்தது, என்ன பாடினார் என்று கடைசிவரை புரியவில்லை. திடலில் வெகுதூரம் தள்ளி நின்றேன். அடுத்த வரிக்கு முன்னால் அவர் மூச்சு இழுத்ததுகூடக் காதில் விழுந்தது.

இத்தனைக்கும் அரங்கில்தான் ஸ்பீக்கர் பாக்ஸ் அதிகம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கச்சேரி ஏற்பாடு செய்கிற நண்பர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஆயிரம் வாட்ஸ்?" என்பதைத்தான். கல்லூரி விடுமுறைகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மைக் செட்காரரிடம் ஒயர் சுற்றி வளர்ந்தவன் நான். வாட்ஸ் கணக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் இடத்தை முடிவு செய்த பிறகு போட வேண்டிய கணக்கு அது. ராக் என்றால் என் ஓட்டு திடலுக்கு. அதுவும் எல்லாத் திடலுக்கும் இல்லை.

கூரை என்ன செய்கிறது

அந்த அரங்கில் மதியம் சவுண்ட் செக் நடந்தபோது நானும் இருந்தேன். "அண்ணே, வோக்கலைக் கொஞ்சம் ஏத்துங்க" என்று மிக்சரில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரைத் தொடவில்லை. "ஏத்தினா எக்கோவும் சேர்ந்து ஏறும் தம்பி. நடுவுல போய் நின்னு ஒரு தடவ கையத் தட்டிப் பாரு" என்றார். போய்த் தட்டினேன். சத்தம் கூரைக்குப் போய், எதிர்ச் சுவருக்குப் போய், கேலரிப் படிகளில் சிதறித் திரும்பி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மூன்றுக்குப் பிறகும் மேலே எங்கோ இரைந்துகொண்டிருந்தது.

இதைக் கணக்காகவே போடலாம். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியராக இருந்த வாலஸ் சபைன் 1890-களில் கண்ட சூத்திரம் அது: அரங்கின் கனஅளவை 0.161 ஆல் பெருக்கி, அரங்கில் சத்தத்தை உறிஞ்சுகிற பரப்பால் வகுத்தால், சத்தம் 60 டெசிபெல் அடங்க எத்தனை நொடி ஆகும் என்று வரும். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம் என்று ஓர் அரங்கை வைத்துக்கொள்வோம். 28,800 கன மீட்டர். தகரமும் சிமெண்டும் பெரிதாக எதையும் உறிஞ்சாது. தாராளமாக 1,000 சதுர மீட்டர் என்றே போட்டாலும் 4.6 நொடி வருகிறது. நிமிடத்துக்கு 120 அடி போகிற பாட்டில் அரை நொடிக்கு ஓர் அடி. அப்படியானால் டிரம்மர் காலால் மிதித்த ஒரு கிக் டிரம் அடியின் வால் அடுத்த ஒன்பது அடிகளின் மேல் படிந்து கிடக்கும். அதன் மேல் பேஸ் கிதார், அதற்கும் மேல் டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய இரண்டு கிதார்கள். பாடகர் பாவம், அதற்குள் எங்கே போவார்?

"ஆள் நிறைஞ்சா சரியாயிடும்" என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மனித உடம்பும் துணியும் சத்தத்தை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் அவை உறிஞ்சுவது பெரும்பாலும் நடு, மேல் சுருதிகளை. கீழே இருக்கிற பேஸ் கூட்டத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஆள் நிறைந்ததும் இரைச்சல் குறையும், குமுறல் மட்டும் தங்கிவிடும். டென்மார்க்கில் நீல்ஸ் வெர்னர் அடெல்மன்-லார்சன் 20 ராக், பாப் அரங்குகளை அளந்து, அங்கே வாசிக்கிறவர்களிடமும் ஒலிப்பொறியாளர்களிடமும் கருத்துக் கேட்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. நல்ல பெயர் வாங்கிய அரங்குகளில் சத்தம் அடங்கும் நேரம் 0.6 முதல் 1.2 நொடிக்குள் இருந்தது. பேஸ் பகுதியிலும் அதே அளவு குறைவாக இருந்ததுதான் முக்கியம். அவை 1,000 முதல் 6,000 கன மீட்டர் அரங்குகள். நம் பக்கத்து உள்விளையாட்டு அரங்குகள் இறகுப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் கட்டியவை. அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

எக்கோவே கெட்டது என்று சொல்லவில்லை. கோயில் கல்மண்டபத்தில் நாதஸ்வரம் நிறைந்து ஒலிப்பது அந்த நீட்சியால்தான். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதில் வந்து கலப்பது அந்த இசைக்கு அழகு. ராக் டிரம்முக்கு அடிகளுக்கு நடுவே வெற்றிடம் வேண்டும்.

உள்ளரங்கில்தான் நடத்தியாக வேண்டும் என்றால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சத்தத்தைக் குறைப்பது. பாக்ஸ்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஆட்கள் மேல் மட்டும் விழ வைக்க வேண்டும். காலியாக இருக்கும் கேலரிக்கும் எதிர்ச் சுவருக்கும் சத்தம் போகவே கூடாது. மேடையில் கிதார் ஆம்ப்ளிஃபயரைத் தணித்து, வாசிப்பவர்கள் தங்கள் வாசிப்பைக் கேட்கக் காதுக்குள் இன்-இயர் என்கிற இயர்போன் போட்டுக்கொண்டால் பாதித் தலைவலி தீரும். திரைச்சீலை கட்டுவது மேல் சுருதிக்கு மட்டும் உதவும்.

திடலில் காற்று

திடலுக்குக் கூரை இல்லை, எதிர்ச் சுவர் இல்லை. போன சத்தம் போனதுதான். அதனால்தான் அந்தத் தெளிவு. கடற்கரை ஓரம் என்றால் கிழக்குப் பக்கம் முழுக்கக் கடல், அங்கிருந்து எதுவும் திரும்பி வராது.

ஆனால் காற்று சும்மா விடாது. காற்று வீசும் திசையில் போகிற சத்தம் தரைப்பக்கம் வளையும், காற்றை எதிர்த்துப் போகிற சத்தம் மேலே தூக்கிக்கொள்ளும். கடற்காற்று நன்றாக அடிக்கிற மாலையில் மேடையை மேற்கே வைத்துக் கடலைப் பார்த்துப் பாடினால், பின்னால் நிற்பவர்களுக்கு மேல் சுருதி வருவதும் போவதுமாக இருக்கும். மேடை கடலுக்கு முதுகு காட்டி நின்றால் கூட்டத்துக்கு நல்லது, ஆனால் சத்தம் ஊருக்குள் போகும். வெயிலும் ஒரு கை பார்க்கும். மாலை நான்கு மணிக்குச் சூடான தரை சத்தத்தை மேலே அனுப்பும், இரவில் தரை குளிர்ந்ததும் அதே சத்தம் கீழே வளைந்து வெகுதூரம் போகும். நான்கு மணிக்குச் சரிபார்த்த அளவை ஒன்பது மணிக்கு அப்படியே விடுகிற ஒலிப்பொறியாளர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு, நம் ஊர்ப் புழுக்கம். உலர்ந்த காற்று மேல் சுருதியை வேகமாகத் தின்றுவிடும், ஈரக்காற்று அவ்வளவு தின்னாது. சட்டை முதுகில் ஒட்டுகிற இரவில் சிம்பல் சத்தம் பளிச்சென்று தூரம் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திடலின் பெரிய சிக்கல் தூரம். வெளியில் ஒரு பாக்ஸின் சத்தம், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். 10 மீட்டரில் 105 என்றால் 20-ல் 99, 40-ல் 93, 80-ல் 87. கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டுமே என்று முன்னால் ஏற்றினால், தடுப்புக் கம்பியைப் பிடித்து நிற்கும் பையனின் காது போய்விடும். ஜூன் 21 இசைத் திருவிழா, 1982-ல் பிரான்சில் தொடங்கியது, புதுச்சேரியிலும் நடக்கிறது. அன்று தெருவோரம் சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்து வாசிக்கிறவர்கள் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம், கேட்பவர்கள் பத்து மீட்டருக்குள் நிற்பதுதான்.

பெரிய திடலில் அந்தப் பத்து மீட்டரை நடுவில் கொண்டுவந்து வைக்கலாம். அதுதான் டிலே டவர். மேடையிலிருந்து 70 மீட்டரில் இன்னொரு ஜோடி பாக்ஸ். நம் ஊர் வெப்பத்தில் சத்தம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது, 70 மீட்டருக்கு 0.2 நொடி. நடுப் பாக்ஸை அந்த 0.2 நொடியோடு இன்னும் 10, 15 மில்லி நொடி சேர்த்துத் தாமதமாகப் பாட வைத்தால், மேடைச் சத்தம் ஒரு கணம் முன்னால் வந்து சேரும். காது அதையே நம்பும். பக்கத்துப் பாக்ஸில் இருந்து கேட்டாலும் மேடையில் இருந்து கேட்பதுபோலவே தோன்றும். என்னை அசரவைத்த அந்தத் திடலில் இதைத்தான் செய்திருந்தார்கள். தாமதம் வைக்காமல் விட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை விழும்.

அடுக்கு பாக்ஸா, லைன் அரேயா

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் சுமார் 55,600 பேர் முன் பாடினார்கள். கையில் 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர்கள், அதோடு மைதானத்தில் அறிவிப்புக்கு வைத்த ஒலிபெருக்கிகள். கூட்டத்தின் கூச்சலில் பாட்டு மூழ்கிப்போனது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், பாக்ஸ் மேல் பாக்ஸ் அடுக்குவதே வழியாக இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் பிரான்சின் கிறிஸ்டியன் ஹெய்ல், எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனத்தில் வி-டாஸ்க் என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். பெட்டிகளைச் சரம்போல் செங்குத்தாகத் தொங்கவிட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே கோடாக ஒலிக்க வைப்பது. இதைத்தான் லைன் அரே என்கிறார்கள். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், தூரம் இரட்டித்தால் 6-க்குப் பதில் 3 டெசிபெல்தான் குறையும்.

இங்கேதான் நம் ஊரில் பணம் வீணாகிறது. நான்கு பெட்டியைத் தொங்கவிட்டுவிட்டு "லைன் அரே போட்டிருக்கோம்" என்கிறார்கள். சரம் குட்டையாக இருந்தால் மேல் சுருதிக்கு மட்டும்தான் அது கோடு. கீழ் சுருதிக்கு அது வெறும் பாக்ஸ்தான். இரண்டாயிரம் பேர் கூடுகிற திடலுக்கு, ஒழுங்காகக் குறிவைத்த சாதாரண பாக்ஸும் நடுவில் ஒரு டிலே டவரும் போதும், குட்டைச் சரத்தைவிட நன்றாகக் கேட்கும். நீளச் சரத்துக்கு வாடகை கொடுக்க முடிந்தால், அதைத் தாங்க உறுதியான ட்ரஸ் என்கிற சட்டமும் இருந்தால், மறுபேச்சில்லாமல் லைன் அரே.

பேஸ் பாக்ஸை மேடையின் இரு பக்கமும் பிரித்து வைப்பது நம் பழக்கம். நடுக்கோட்டில் நெஞ்சு அதிரும், இரண்டு எட்டு நகர்ந்தால் காணாமல் போகும், இன்னும் நான்கு எட்டில் திரும்ப வரும். எல்லாவற்றையும் மேடைக்கு முன்னால் ஒரே வரிசையாக வைத்தால் இது பெருமளவு அடங்கும். காசு செலவில்லாத மாற்றம் இது, சொன்னால் மட்டும் யாரும் கேட்பதில்லை.

அரங்கு ஜெயிக்கும் இடம்

இரண்டு விஷயங்களில் அரங்கு ஜெயிக்கிறது. ஒன்று மழை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல். எங்கள் கடற்கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியில் மேடை போடச் சொல்ல எனக்கு மனம் வராது. இன்னொன்று நேரம். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் வேறு. புதுச்சேரியில் பாரதி பூங்கா பக்கம் அரசுப் பொது மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு நம் கிதார் தேவையில்லை. திடல் கச்சேரியை ஆறரைக்கே தொடங்கினால் பத்துக்குள் நிம்மதியாக முடிக்கலாம்.

கேட்கப் போகிறவர்களுக்கு: எங்கே நடந்தாலும் மிக்சர் மேசைக்கு நேர் பின்னால் நில்லுங்கள். ஒலிப்பொறியாளர் கேட்டுச் சரிசெய்வது அந்த இடத்தின் சத்தத்தைத்தான். கச்சேரி இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வைத்த எல்லை, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபெல். முன்வரிசை அதைச் சுலபமாகத் தாண்டும். கடைசியாகப் போனபோது அக்கா மகனையும் கூட்டிப்போனேன். வயது பன்னிரண்டு. கம்பிக்குப் பக்கத்தில் நிற்கணும் என்று அடம். காதில் நுரைப்பஞ்சு அடைப்பானை உருட்டி வைத்துவிட்டு இரண்டு பாட்டு அங்கே நின்றோம், அப்புறம் மிக்சர் பக்கம் வந்துவிட்டோம். மூன்றாவது பாட்டில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, இங்கதான் வார்த்தையெல்லாம் கேட்குது" என்றான்.