கிராஃபிஷ்: லூசியானா முறையா, ஹூஸ்டன் வியட்நாமிய முறையா?

இறால் போலிருக்கும் கிராஃபிஷுக்குப் பருவம் தொடங்கிவிட்டால், டெக்சாஸின் ஹூஸ்டன்வாசிகளுக்கு முன்னால் இரண்டு வழிகள். கிழக்கே சில மணி நேரம் காரோட்டி, பக்கத்து மாநிலமான லூசியானாவில் பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களின் சமையல் கடைகளுக்குப் போகலாம். அல்லது ஊருக்குள்ளேயே, பெல்லேர் புலிவார்டு என்ற சாலையில் இருக்கும் வியட்நாமிய உணவகம் ஒன்றில் இடம் பிடிக்கலாம். இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இப்போது நான் பெல்லேருக்குத்தான் அழைத்துப் போகிறேன்.

சரக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கொடுக்கும் தடித்த ஓடும் கொண்ட இந்த நன்னீர் உயிரில் பெரும்பகுதி லூசியானாவிலிருந்து வருகிறது. அறுவடை முடிந்த நெல்வயலில் நீர் தேக்கி வளர்க்கிறார்கள். 2023 வறட்சியில் அந்த வயல்கள் காய்ந்தபோது, 2024 பருவத்தில் விலை எகிறியது இரு தரப்புக்கும்தான். ஆகவே விலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மார்ச் முதல் மே வரை போனால் இரண்டு இடத்திலும் நல்லதாகக் கிடைக்கும்.

வேறுபாடு மசாலா போகும் வழியில் இருக்கிறது. லூசியானாவில் கேயன் மிளகாய், உப்பு, எலுமிச்சை, பிரிஞ்சி இலை எல்லாம் கொதிநீரிலேயே இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் அந்த நீரிலேயே ஊறவிடுவார்கள்; காரம் ஓட்டுக்குள் இறங்கும். 1975க்குப் பிறகு அகதிகளாக வந்து, மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் குடியேறி, இறால் பிடிக்கும் தொழிலில் கால் ஊன்றிய வியட்நாமியர்கள் இந்த முறையைக் கற்றுக்கொண்டு, மேலே ஒரு படி சேர்த்தார்கள். வெந்ததை வடித்து, உருக்கிய வெண்ணெயிலும் கைநிறைய நறுக்கிய பூண்டிலும் மிளகாய்த்தூளிலும் போட்டுப் புரட்டுகிறார்கள். சில கடைகளில் எலுமிச்சைப்புல்லும், சிலவற்றில் ஆரஞ்சும் சேரும். லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கிழக்குப் பகுதியிலும் வியட்நாமியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தப் பாணி பேர் வாங்கியது ஹூஸ்டனில்தான். டிராங் நுயென் நடத்தும் கிராஃபிஷ் அண்ட் நூடுல்ஸ் அதில் முன்னணிக் கடை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கணக்கு. உயிருள்ள கிராஃபிஷின் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் வால் சதை. மூன்று பவுண்டு வாங்கினால், அதாவது கிட்டத்தட்ட 1,360 கிராம், வாய்க்குள் போவது 200 கிராம் அளவுதான். மீதி நேரமெல்லாம் உரிப்பதிலேயே போகிறது. தலையைத் திருகு, வாலின் முதல் வளையத்தைக் கழற்று, நுனியை அழுத்தி இழு. சுண்டுவிரல் அளவு சதை வரும். அத்தனை உழைப்பிலும் நாக்கு எதைச் சுவைத்துக்கொண்டிருக்கிறது? விரலில் ஒட்டியதை. நண்டு வறுவலில் ஓட்டைச் சப்பும்போது கிடைக்கும் இன்பம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹூஸ்டன் தட்டில் விரலெல்லாம் பூண்டும் வெண்ணெயும். உரித்த சதையை அடியில் தேங்கிய சாற்றில் ஒரு முறை புரட்டி, பிறகு உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு கலந்த சிறு கிண்ணத்தில் தொட்டு வாயில் போட்டால், வெண்ணெயின் கனத்தைப் புளிப்பு வெட்டிவிடுகிறது. அடுத்ததை உரிக்கக் கை தானாகப் போகிறது. லூசியானா முறையில் ஓட்டின் வெளிப்புறம் கிட்டத்தட்ட வெறும் உப்புக் காரம்தான்.

லூசியானாவுக்குச் சேர வேண்டியதையும் கொடுத்தாக வேண்டும். தலைக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பை உறிஞ்சும்போது, ஊறவைத்த நீரின் மணம் அதில் முழுதாக இறங்கியிருக்கும். அங்கே ஹூஸ்டன் தோற்கிறது. அதே நீரில் வெந்த சோளக் கதிரும் உருளைக்கிழங்கும் தனிச்சுவை. பூண்டு வெண்ணெய் சற்றே பழைய சரக்கையும் மூடி மறைத்துவிடும். கேஜன் சமையலில் அந்த ஒளிவுமறைவுக்கு இடமில்லை. 1959இல் சட்டமன்றமே உலகக் கிராஃபிஷ் தலைநகரம் என்று அறிவித்த ப்ரோ பிரிட்ஜ் போன்ற ஊர்களில், வீட்டு முற்றத்தில் செய்தித்தாள் விரித்த மேசையில் கொட்டிச் சாப்பிடும் விருந்துதான் இதன் உச்சம் என்கிறார்கள். எனக்கு அது அதிகம் வாய்க்கவில்லை. என் ஒப்பீடு உணவகங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

பெல்லேருக்குப் போகிறவர்கள் நடுத்தரக் காரத்தில் தொடங்குங்கள். நான்கு பேர் என்றாலும் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் வரவழைக்க வேண்டாம். ஆறினால் வெண்ணெய் ஓட்டின் மேல் உறைந்து திட்டுத்திட்டாகிவிடும். முதலில் ஆளுக்கு ஒரு பவுண்டு, அது முடியும் தறுவாயில் அடுத்தது. சாறு மிஞ்சினால் ஒரு தட்டு வெள்ளைச் சோறோ ரொட்டியோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.