தி ரோச்சஸ்: உச்சியோடு திரும்பிவிடாதீர்கள்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் என்றதும் பலரும் மேம் டார், ஸ்டேனிஜ் எட்ஜ் பக்கம்தான் போகிறார்கள். அந்தத் தேசியப் பூங்காவின் தென்மேற்கு மூலையில், ஸ்டாஃபர்ட்ஷையரின் லீக் நகருக்கு வடக்கே இருக்கிற தி ரோச்சஸ் என்ற பாறை மேட்டுக்கு ஒரு நாளை முழுசாக ஒதுக்குங்கள் என்பேன். முழு நாள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வண்டியை நிறுத்தி, மேலே ஏறி, நாலு படம் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறவர்கள் இங்கே நிறைய. அவர்கள் பார்ப்பது இந்த இடத்தில் பாதிகூட இல்லை.

அப்பர் ஹல்ம் என்ற சின்ன ஊரைத் தாண்டினாலே பாறைச்சுவர் தெரிய ஆரம்பிக்கும். சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி உண்டான பாறை இது, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். ஷூ நன்றாகப் பிடிப்பதும் அதனால்தான், மலையேற்றக்காரர்கள் இதைக் கொண்டாடுவதும் அதனால்தான். பாறை இரண்டு அடுக்காக நிற்கிறது. கீழடுக்கின் அடியில் பாறையோடு ஒட்டிக் கட்டிய ராக் ஹால் காட்டேஜ் இருக்கிறது. ஒரு காலத்தில் வேட்டைக்காவலர் குடியிருந்த வீடு, இப்போது டான் வில்லன்ஸ் என்ற மலையேற்றக்காரரின் நினைவாக மலையேறுபவர்கள் தங்கும் குடில். அங்கிருந்து மேலடுக்குக்குப் படிகள் போகின்றன. அவசரப்படாமல் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். கூரை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறையின் அடிப்பக்கமாகவே, முதுகு தரையைப் பார்க்க, கையாலும் காலாலும் தொற்றிக்கொண்டு ஆட்கள் நகர்வார்கள். 'தி ஸ்லாத்' என்ற அந்த வழியை 1954-இல் முதலில் ஏறியவர்கள் வில்லன்ஸும் ஜோ பிரவுனும். ஏறத் தெரியாத எனக்கே பார்க்கப் பார்க்கக் கை வியர்த்தது.

மேலே போய்விட்டால் அப்புறம் ஏற்றம் பெரிதாக இல்லை, விளிம்பை ஒட்டியே நடக்கலாம். ஒரு பக்கம் டிட்டெஸ்வொர்த் நீர்த்தேக்கமும் செஷயர் சமவெளியும் விரிந்து கிடக்கும், இன்னொரு பக்கம் ஹெதர் புதரும், மட்கிய செடிகள் சேர்ந்து உண்டான பீட் மண்ணும்தான். வானம் தெளிவாக இருந்தால் ஜோட்ரல் பேங்க்கின் லவ்வல் ரேடியோ தொலைநோக்கியின் வெள்ளைத் தட்டு தெரிகிறது. ஆகஸ்டில் வந்தால் ஹெதர் பூத்து மேடு முழுக்க ஊதா நிறம், வரத் தோதான மாதம் அதுதான். வழியில் டாக்ஸி பூல் என்று ஒரு குட்டை வரும், ஆளை உள்ளே இழுக்கும் நீர்மகள் கதையெல்லாம் அதற்கு உண்டு. கதை இல்லாவிட்டால் அது கறுத்த தண்ணீர்க் குட்டை, அவ்வளவுதான். உச்சி 505 மீட்டர். காற்று சில நாள் நிற்கவே விடாது, கோடையிலும் ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பக்கத்துத் தனியார் விலங்குக்காட்சியிலிருந்து வெளியேறிய வாலபிகள் (சின்னக் கங்காரு மாதிரியான விலங்குகள்) பல பத்தாண்டுகள் இந்த மேட்டில் பெருகி வாழ்ந்தன. இப்போது அவை இல்லை என்றே பலரும் கருதுகிறார்கள், பார்க்கலாம் என்ற ஆசையில் வராதீர்கள்.

பெரும்பாலோர் உச்சிக்கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் திரும்பாமல் ரோச் எண்ட் பக்கம் இறங்கி, சாலையைக் கடந்து, காட்டுக்குள் போகும் பாதையைப் பிடியுங்கள். லட்ஸ் சர்ச் அங்கேதான். பெயரில் சர்ச் இருந்தாலும் கட்டடம் எதுவும் கிடையாது, மலைச்சரிவு நகர்ந்து பிளந்ததில் உண்டான ஒரு பள்ளம். சுமார் 100 மீட்டர் நீளம், 18 மீட்டர் ஆழம். சில இடங்களில் இரண்டு கையையும் நீட்டினால் இரு பக்கச் சுவரையும் தொடலாம். சுவர் முழுக்கப் பாசியும் பெரணியும். அரை நாள் காற்றில் நடந்துவிட்டு உள்ளே இறங்கியதும் சத்தம் அடங்கி, குளிர் ஏறி, தலைக்கு மேலே ஒரு கீற்று வானம் மட்டும் மிஞ்சும்போது வேறு உலகத்துக்கு வந்த மாதிரிதான் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் தண்டனைக்குப் பயந்த லொல்லார்டுகள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் இங்கே ஒளிந்து வழிபட்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள், உள்ளே நின்று பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. என்னைக் கேட்டால் இந்த ஒரு பள்ளத்துக்காகவே வரலாம். தரை மட்டும் வெயில் காலத்திலும் சேறு, வெள்ளை ஷூ வேண்டாம்.

அப்பர் ஹல்மிலிருந்து இதையெல்லாம் சுற்றி வந்தால் சுமார் 13 கி.மீ. இன்னும் கால் தாங்கினால் பக்கத்திலேயே ஹென் கிளவுட் தனிக்குன்றாக நிற்கிறது. உயரம் குறைவு, ஏற்றம் செங்குத்து, ஆனால் ரோச்சஸின் முழு நீளத்தையும் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. பெரெக்ரின் வல்லூறுகள் கூடு கட்டும் பாறை அது, குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ஏற்றத்துக்குத் தடைப்பலகை வைத்திருந்தால் மதித்து விலகிவிடுங்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு டிட்டெஸ்வொர்த் கரை சரியாக இருக்கும், சமதளப் பாதை, காபிக்கடை, கழிப்பறை எல்லாம் உண்டு. விளிம்பின் மேல் இதில் ஒன்றும் கிடையாது, தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நுழைவுக் கட்டணம் இல்லை. சாலையோரத்தில் குறித்த இடங்களில்தான் வண்டி நிறுத்தலாம், வாரக்கடைசியில் காலையிலேயே நிரம்பிவிடும், அதனால் சீக்கிரம் வாருங்கள். நாய் கூட வந்தால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை கட்டாயம் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக உள்ள சட்டம் அது. அப்புறம், பார்பிக்யூவோ அடுப்போ தயவுசெய்து எடுத்து வராதீர்கள். 2018 ஆகஸ்டில் இந்த மேட்டில் பெரிய தீ பிடித்தது. பீட் மண் மேலே அணைந்த பிறகும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும், எரிந்துபோன மண் மறுபடி சேரப் பல தலைமுறை ஆகும்.