ஹார்ட்டுக்கு ஸ்டெம் செல் ஊசி, யாங்கூன் ஏஜென்ட் ஆபீஸ்: 1 ஸ்டார்

மாமாவுக்கு அட்டாக் வந்ததுக்கப்புறம் எக்கோ எடுத்ததுல பம்பிங் 35 சதவீதம்தான் இருக்கு, அதான் வெளிநாடு கூட்டிட்டுப் போய் ஸ்டெம் செல் (உடம்புல வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டுவிடறோம்னு சொல்ற டவுன்டவுன் ஆபீஸ் ஒண்ணுக்கு அத்தையும் நானும் ரிப்போர்ட்டத் தூக்கிட்டுப் போனோம். உபசரிப்புல குறையே இல்ல, டீ வந்துச்சு, ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு எல்லா பேப்பரையும் பொறுமையா காப்பி எடுத்துட்டு திருப்பிக் குடுத்துச்சு.

உள்ள இருந்தவர் ஒரு வழவழ பிரவுச்சரக் குடுத்து, செத்துப்போன தசை புதுசா முளைச்சிரும்னாரு. எந்த செல்லுங்கன்னு கேட்டேன், வயித்துக் கொழுப்புல எடுக்கறதாம். கொழுப்புல எடுத்த செல் மனுஷன் ஹார்ட்டுல துடிக்கிற தசையா மாறினதா யாரும் நிரூபிக்கலையே! இன்னொரு பக்கத்துல ஹார்ட்டுக்குள்ளயே ஸ்டெம் செல் தூங்குது, அத எழுப்பிவிடுவோம்னு போட்டிருக்கு. அந்தக் கதைய பெருசா கிளப்பின, ஹார்வர்ட்ல இருந்த ஹார்ட் ஆராய்ச்சியாளர் பியரோ அன்வெர்சாவோட 31 கட்டுரைய வாபஸ் வாங்கணும்னு 2018லயே அந்த ஹார்வர்ட் யுனிவர்சிட்டியே சொல்லிருச்சு, அப்புறமும் அத அச்சடிச்சு நோயாளி கைல குடுக்கறாங்கன்னா வயிறு எரியுது.

நிஜமான ஆராய்ச்சி நடக்காம இல்ல. ஜப்பான் விஞ்ஞானி யாமானாகா 2006ல எலி செல்லையும் அடுத்த வருஷம் மனுஷ செல்லையும் கரு நிலைக்குத் திருப்பிக் காட்டினாரு, அதுக்கு 2012ல நோபலும் வந்துச்சு. அந்த மாதிரி செல்லுக்கு, வயித்துல புள்ளைக்கு ஹார்ட் உருவாகறப்ப கிடைக்கிற அதே சிக்னல வரிசையாக் குடுத்தா லேப் தட்டுலயே தசை துடிக்க ஆரம்பிச்சிருது, பாத்தா பிரமிப்பா இருக்கும். ஆனா 2014ல மனுஷக் கருவுல எடுத்த ஸ்டெம் செல்லுல இதே மாதிரி வளர்த்த தசை செல்ல குரங்குக்கு வச்சப்ப துடிப்போட தாளம் தப்புச்சு. யாமானாகா முறை செல்லுல வளர்த்த தசைய ஜப்பான்ல 2020லதான் மெல்லிசு ஷீட்டா மனுஷன் ஹார்ட்டுல ஒட்டிப் பாத்தாங்க. நிலைமை இப்படி இருக்க, இவங்க எப்படி அடிச்சுச் சொல்றாங்க?

எல்லாத்தவிட மோசம், ஊசி போட்டப்புறம் மாத்திரையக் குறைச்சுக்கலாம்னு சொன்னது. "ஏன் தம்பி, மாத்திரைய நிறுத்தி அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க வந்து நிப்பீங்களா?"ன்னு அத்தை நேராவே கேட்டுட்டாங்க. பதில் இல்ல. கையெழுத்துப் போடற பேப்பர்ல, கீழ பொடி எழுத்துல, பலனுக்கு உத்தரவாதம் இல்லன்னு இருந்துச்சு.

மாமா பழைய டாக்டர்கிட்டயேதான் காட்டறாரு, மாத்திரை ஒண்ணுகூட குறைக்கல. நீங்க யாராவது போனா டிரையல் (நோயாளிங்ககிட்ட மருந்த சோதிச்சுப் பாக்கற ஆராய்ச்சி) பதிவு பண்ணின ரெஜிஸ்டர் நம்பர் கேளுங்க, முறையான டிரையல்ல பொதுவா சோதனை மருந்துக்கு நோயாளிகிட்ட காசு வாங்கமாட்டாங்க, இங்க முழுப் பணத்தையும் டாலர்ல முன்னாடியே கட்டச் சொன்னாங்க.