ஸ்டாரா, சீட்டா? பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க யார் பேச்சைக் கேட்பது

புத்தகம் வாங்கப் போகிறவருக்கு இப்போது யோசனைக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் ஆன்லைன் ஸ்டார், அதாவது முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து போட்ட மார்க். இன்னொரு பக்கம், எங்களுக்கு மட்டும் வாய்த்தது, சேலம் அழகாபுரத்தில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் பொதுப் புத்தக அலமாரி. அங்கே ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கும். எடுத்துப் போகிறவர் திருப்பி வைக்கும்போது தேதி, வீட்டு எண், படித்த பிள்ளையின் வயது, ஒரு வரி கருத்து எழுதிவிட்டு வைக்க வேண்டும். சமையல், மாடித்தோட்டம், உடல்நலம், வரலாறு என்று பெரியவர்கள் படிக்கிற புத்தகங்களுக்கும் இதே சீட்டுதான்.

அலமாரியில் ஒரு பிரதி நன்றாக ஓடினால் அதை வீட்டுக்கும், பிறந்தநாள் பரிசுக்கும் வாங்குகிறோம். அதே வரிசையில் அடுத்த புத்தகத்தை எடுக்கிறோம். இந்த வருஷம் நான் வாங்கியது பெரும்பாலும் சீட்டைப் பார்த்துத்தான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை முடித்துவிடலாம். ஸ்டாருக்கு வேகம் உண்டு, உட்கார்ந்த இடத்தில் லட்சம் புத்தகத்துக்குக் கிடைக்கும். எங்கள் அலமாரியில் இருப்பது இரண்டு பீரோ. போலி விமர்சனம் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்றுதான் அப்போது அறிவித்தார்கள். போலி ஒன்றுகூட இல்லை, எல்லாமே நிஜமானவர்கள் நிஜமாக எழுதியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் சீட்டைத்தான் பார்ப்பேன்.

காரணம் ஒன்றுதான். கருத்தை எப்போது சொன்னார்கள் என்பது.

பார்சல் வந்த சில நாளிலேயே 'எப்படி இருந்தது?' என்று செயலி கேட்கும். கேட்டவுடன் பதில் சொல்கிறோம். அந்த நேரத்தில் நமக்குத் தெரிந்தது என்ன? சீக்கிரம் வந்தது, மூலை மடங்கவில்லை, தாள் வழவழப்பு, படம் பளிச். குழந்தை அட்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தது. ஐந்து ஸ்டார். அல்லது பார்சல் கிழிந்து வந்தது, ஒரு ஸ்டார். புத்தகம் பாவம், டெலிவரிக்காரர் வண்டியில் பட்ட அடிக்கு அதற்கு மார்க் குறைகிறது. பிள்ளைகள் புத்தகத்தைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் குறைந்தது ஒரு மாசமாவது அது வீட்டில் புரள வேண்டும். முதல் நாள் எல்லாப் புத்தகமும் பிடிக்கும். மூன்றாவது வாரம் படுக்கப் போகும்போது எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சீட்டில் அது அப்படியே வரிசையாக விழுகிறது. ஆமையை வைத்து எழுதிய ஒரு மெல்லிய படக்கதை எங்களிடம் உண்டு. பதினாறு பக்கம், நடுவில் ஸ்டேபிள் பின். அதன் சீட்டை இங்கே இறக்கி வைக்கிறேன். ஜூன்: 'வயது 4. படம் அழகு. அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிட்டது, காசுக்கு இவ்வளவுதானா.' ஜூலை: 'வயது 5. ஆமை கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் பக்கத்திலேயே நிற்கிறான்.' ஆகஸ்ட், ஜூனில் எழுதிய அதே வீடு: 'அழுது கேட்டாள், மறுபடி எடுத்தோம். இப்போது அவளே எனக்குப் படித்துக் காட்டுகிறாள் (மனப்பாடம்).' அதற்குக் கீழே வேறு கையெழுத்து: 'பின் கழன்றது, ஊசி நூல் போட்டுத் தைத்திருக்கிறேன்.'

ஜூன் மாத வரியோடு நின்றிருந்தால் அது மூன்று ஸ்டார் புத்தகம். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவசரப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு மாசத்தில் அதே வீட்டில் கருத்து மாறிவிட்டது, மாறியதை எழுத அதே தாளில் இடமும் இருந்தது. ஆன்லைனில் பழைய விமர்சனத்தைத் திருத்த வழி உண்டு. ஆனால் ஆமைக் கதைக்காக யார் திரும்பப் போய் லாகின் செய்யப் போகிறார்கள்?

நூல் போட்டுத் தைத்ததாக ஒருவர் எழுதியதைப் பாருங்கள். கிழிந்த புத்தகத்தை யாரும் சும்மா தைப்பதில்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் அதே கதையை வேறு இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்கினேன்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கெட்டி அட்டை போட்ட பொது அறிவுக் களஞ்சியம் ஒன்று, ஆயிரத்துச் சொச்சம் கேள்வி பதில், விலை நானூறுக்கு மேல். வாங்கும்போது ஸ்டார் பிரமாதமாக இருந்ததாம். அலமாரிக்கு அதை அன்பளிப்பாகக் கொடுத்தவரே சொன்னார். அதன் சீட்டில் ஒரே ஒரு வரி: 'மிகவும் பயனுள்ள நூல். ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும்.' அதற்குப் பிறகு தாள் காலி. யாரும் குறை எழுதவில்லை, எடுக்கவும் இல்லை. இந்த வெற்றுத்தாளையும் ஒரு கருத்தாகவே எண்ணுகிறேன். வாங்கிப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோனவர்களின் மௌனம் ஸ்டாரில் எந்த இடத்திலும் கணக்காவதில்லை.

பெரியவர்கள் புத்தகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறதா? பல இடத்தில் பொருந்துகிறது. சுயமுன்னேற்றப் புத்தகம் என்றால் முதல் வாரத்தில் ஊரே அதிரும். 'வாழ்க்கையே மாறிவிட்டது' என்று பாதி படிக்கும்போதே எழுதிவிடுவார்கள். எங்கள் சீட்டில் ஒருவர் எழுதியது: 'காலை ஐந்து மணிக்கு எழுந்தேன், இரண்டு வாரம். இப்போது மனைவி மட்டும் எழுகிறார், அவர் புத்தகம் படிக்கவில்லை.' இதற்கு எத்தனை ஸ்டார் போடுவது?

மாடித்தோட்டப் புத்தகத்தில் இன்னொரு வேடிக்கை. ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் வரும்போதெல்லாம் பையில் நாலு புத்தகம் அள்ளிப் போட்டுக்கொண்டு மலையேறுவார். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டிப் போய் வந்த புத்தகங்களில் 'மலை வீடு' என்று எழுதியிருக்கும். தோட்டப் புத்தகத்தின் சீட்டில் எங்கள் மூன்றாம் மாடி அக்கா எழுதியது: 'பங்குனி வெயிலில் கீரை முழுக்கக் கருகியது. நிழல்வலை பற்றி ஒரு வரி இல்லை.' அடுத்த வரி மலை வீடு: 'பீன்ஸ் நன்றாக வருகிறது. தக்காளி மழையில் அழுகிவிட்டது.' சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குக் கொஞ்சம் கூடக் குளிரும் என்பது பொதுக் கணக்கு. முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இரண்டு வீட்டுக்கே ஒரே புத்தகம் வேறு வேறு புத்தகமாகிவிட்டது. நாடு முழுக்க ஆயிரம் மாடியில் படித்தவர்களின் கருத்தைச் சேர்த்துச் சராசரி போட்டால் அது எந்த மாடிக்கு உதவும்?

ஊர் சம்பந்தப்பட்ட புத்தகங்களிலும் இதையே பார்க்கிறேன். கென்னத் ஆண்டர்சனின் வேட்டை அனுபவங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் எங்கள் அலமாரியில் நன்றாக ஓடுகின்றன. காட்டு வழியும் ஊர்ப் பெயருமாகப் பக்கம் பக்கமாக நீளுகிறது என்று வெளியூர் வாசகர் அலுத்துக்கொண்டால் அதில் நியாயம் உண்டு. எங்கள் சீட்டில் அதே விஷயத்துக்குத்தான் பாராட்டு. ஆண்டர்சன் எழுதும் ஜவளகிரி, பென்னாகரம் எல்லாம் அவர் காலத்தில் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி பிரிந்தது, 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 'என் அப்பா பென்னாகரத்தில் வேலை பார்த்தார், அந்தக் காட்டு ரோடு எனக்குத் தெரியும்' என்று எழுதிய ஒருவர், சீட்டில் இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார். அவர் படித்ததால் அடுத்து இரண்டு பேர் எடுத்தார்கள்.

மொழிபெயர்ப்புப் புத்தகம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் ஒரு நூலின் எல்லாப் பதிப்பும், எல்லா மொழியும் ஒரே கணக்கில் சேர்கின்றன. ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ படித்தவர்கள் போட்ட ஸ்டார்தான் தமிழ்ப் பதிப்பின் பக்கத்திலும் மின்னும். தமிழ் வாக்கியம் ஏழு வயசுப் பிள்ளையின் வாயில் நுழையுமா, எழுத்து போதுமான அளவு பெரிதா, 'அவன் கூறினான்' என்று ஒவ்வொரு வரியிலும் இடறுகிறதா என்பதற்கெல்லாம் அந்த எண்ணில் பதில் கிடையாது. சீட்டில் கிடைக்கிறது: 'கதை நல்லது. நான் படித்துச் சொல்லும்போது பேச்சுத் தமிழுக்கு மாற்றித்தான் சொன்னேன்.' இந்த ஒரு வரியை வைத்தே வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம்.

சரி, சீட்டில் குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. முதலாவது முகதாட்சண்யம். யார் அன்பளிப்பாகக் கொடுத்த புத்தகம் என்று எல்லாருக்கும் தெரியும், லிஃப்ட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் 'சுமார்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நன்று' விழும். என் மகள்தான் சொல்லித் தந்தாள்: "அம்மா, 'நன்று'ன்னு மட்டும் எழுதியிருந்தா பிடிக்கலன்னு அர்த்தம். பிடிச்சிருந்தா ஏதாவது கதை எழுதுவாங்க." அப்படித்தான் இப்போது படிக்கிறேன். இரண்டாவது, ஆள் குறைவு. டைனோசர் பைத்தியம் பிடித்த ஒரே ஒரு பையன் போதும், ஒரு வரிசைப் புத்தகத்துக்குச் சீட்டு நிரம்பி வழியும். எல்லா வரியும் ஒரே வீட்டு எண்.

மருத்துவம், பங்குச்சந்தை, சட்டம் மாதிரி விஷயங்களில் சீட்டை நான் நம்புவதில்லை. சர்க்கரை நோய்க்கான உணவுப் புத்தகத்தைப் பற்றி எங்கள் வீட்டு எண்கள் சொல்வதைவிட, விவரம் தெரிந்த ஒருவர் ஆன்லைனில் நீளமாக எழுதிய மூன்று ஸ்டார் விமர்சனம் மேல். ஆன்லைனில் பார்ப்பதாக இருந்தால் நான் அந்த நடு வரிசையைத்தான் முதலில் திறப்பேன். ஐந்தும் ஒன்றும் எழுதுகிறவர்கள் உணர்ச்சியில் எழுதுகிறார்கள். மூன்று போடுகிறவர்தான் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். போட்டித் தேர்வுப் புத்தகத்துக்கும் ஸ்டார்தான். புதுப் பாடத்திட்டமா, பழையதா என்று அங்கே யாராவது கட்டாயம் கத்தியிருப்பார்கள்.

அலமாரியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? படக்கதை வயசுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். போனில் இரண்டு கதை படித்துக் காட்டினாலே உங்கள் பிள்ளை எந்த நிலை, எந்த மாதிரி படத்துக்குக் கண் விரிகிறது என்பது தெரிந்துவிடும். புதிய பஸ் ஸ்டாண்டு அருகே புத்தகத் திருவிழா நடக்கும்போது பிள்ளையைக் கூட்டிப்போய், வாங்கும் அவசரம் இல்லாமல் ஒரு ஸ்டாலில் உட்காரவிடலாம். பத்து சதவீதத் தள்ளுபடி எங்கேயும் போகாது.

எனக்குக் கைவராதது பதின்மூன்று வயசுக்கு மேல். அந்த வயசுப் பிள்ளைகள் சீட்டில் எழுதுவதே இல்லை. எடுக்கிறார்கள், வைக்கிறார்கள், கேட்டால் "ம், பரவால்ல" என்கிறார்கள். ஒரு பையன் மட்டும் பென்சிலில் 'கடைசி அத்தியாயம் முதலில் படிக்காதீங்க' என்று எழுதி வைத்திருந்தான். அவர்களுக்குப் புத்தகம் வாங்க நான் இன்னமும் ஸ்டாரைத்தான் பார்க்கிறேன், அப்புறம் அவர்கள் கையிலேயே போனைக் கொடுத்துவிடுகிறேன்.